போனிபாஸ் மரத்தை வெட்டினார், ஜெர்மனி மனம் மாறியது: இது எவ்வளவு உண்மை?

வாசகர் கேள்வி, 4 பிப்ரவரி 2024

மறைக்கல்வி வகுப்பில் சொல்லிக்கொடுத்தது இது. 8ஆம் நூற்றாண்டில் புனித போனிபாஸ் கைஸ்மார் என்ற இடத்தில் இடித்தேவனுக்குரிய ஓக் மரத்தைக் கோடரியால் வெட்டினார். தெய்வம் அவரைத் தண்டிக்கவில்லை என்று கண்ட மக்கள் அங்கேயே திருமுழுக்குப் பெற்றார்கள். அதன் பிறகு மறைமாவட்டங்கள் உண்டாயின, அவற்றை நடத்த ஆயர்கள் (பிஷப்புகள்) வந்தார்கள். ஒரு மரம் விழுந்ததற்கு ஒரு நாடே மாறுமா? வரிசையாவது சரிதானா?

4 பிப்ரவரி, இரவு

வரிசை தலைகீழ். ஆயர் பட்டம் முதலில், அரசாள்பவரின் காவல் கடிதம் அடுத்து, மரம் கடைசியில்.

அவருடைய இயற்பெயர் வின்ஃபிரித். தென்மேற்கு இங்கிலாந்தில் 675 வாக்கில் பிறந்தவர். 716இல் ஃபிரீசியாவுக்கு, அதாவது இன்றைய நெதர்லாந்தின் கடலோரத்துக்குப் போனார். அங்கே ராட்போட் மன்னனுக்கும், ஃபிராங்கியரை (இன்றைய பிரான்சிலும் மேற்கு ஜெர்மனியிலும் ஆதிக்கம் செலுத்திய மக்கள்) ஆண்ட சார்லஸ் மார்ட்டலுக்கும் போர். ஒன்றும் நடக்காமல் திரும்பிவிட்டார். 719 மே மாதம் திருத்தந்தை 2ஆம் கிரகோரி அவருக்குப் போனிபாஸ் என்ற பெயரையும் மறைபரப்பு ஆணையையும் கொடுத்தார். 722 நவம்பர் 30 அன்று உரோமையில் அவரை ஆயராகத் திருநிலைப்படுத்தி, சார்லஸ் மார்ட்டலுக்கு ஒரு கடிதமும் கொடுத்தனுப்பினார். 723இல் சார்லஸ் தன் பங்குக்கு, இவர் எங்கே போனாலும் யாரும் தொந்தரவு செய்யக்கூடாது என்று ஒரு காவல் கடிதம் எழுதிக்கொடுத்தார். மரம் விழுந்தது 723இலோ 724இலோ. அப்போது அவர் ஆயர், அதுவும் மேலிடத்துக் கடிதத்தோடு வந்த ஆயர்.

அவர் இறந்து சில ஆண்டுகளில் வில்லிபால்ட் என்ற குரு எழுதிய வரலாற்றில்தான் மரக்கதை வருகிறது. அதைப் படித்தால் வகுப்பில் சொல்லாத ஒரு செய்தி இருக்கிறது. கைஸ்மார் இருக்கும் ஹெஸ்ஸே வட்டாரத்து மக்களில் ஒரு பகுதியினர் அதற்கு முன்பே கிறிஸ்தவர்கள். அவர்களுடைய ஆலோசனையின்படிதான் மரத்தில் கைவைத்தார். கோடரி கொஞ்சம்தான் பதிந்தது, அதற்குள் பெருங்காற்று அடித்து மரம் நான்காகப் பிளந்து விழுந்தது என்கிறார் வில்லிபால்ட். காற்றை நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். மரத்துண்டுகளை வீணாக்காமல் புனித பேதுருவுக்கு ஒரு சிற்றாலயம் கட்டினார் என்பதை நான் நம்புகிறேன். நல்ல நிர்வாகி அதைத்தான் செய்திருப்பார்.

5 பிப்ரவரி

"மக்களின் கோவில் மரத்தை வெட்டியவரை ஏன் யாரும் அடிக்கவில்லை?" என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். சரியான இடத்தில் கைவைத்த கேள்வி.

என் மகள் காசெல் நகரில் வேலை பார்க்கிறாள். அவளிடம் போயிருந்தபோது ஃபிரிட்ஸ்லாருக்குப் போனேன், பக்கத்து ஊர்தான். கைஸ்மார் இன்று அந்த ஊரின் ஒரு பகுதி. பேராலயத்துக்கு முன்னால் கோடரியோடு போனிபாஸ் நிற்கிறார், வெட்டிய மரத்தின் மேல் ஏறிக்கொண்டு. சிலையைப் பார்த்துவிட்டு எல்லோரும் திரும்பிவிடுகிறார்கள். பார்க்க வேண்டியது ஊருக்கு வெளியே, ஏடர் ஆற்றங்கரையில் இருக்கும் குன்று. ப்யூராபெர்க் என்று பெயர். மேலே புனித பிரிஜித் பெயரில் ஒரு சிறிய கோவில் இருக்கிறது. போனிபாஸ் காலத்தில் அங்கே இருந்தது ஃபிராங்கியரின் கோட்டை. மரத்துக்கும் கோட்டைக்கும் இடையில் சில கிலோமீட்டர்தான். மூட்டுவலியோடு ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு கீழே பார்த்தபோது எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. படை இருக்கும் குன்றின் அடிவாரத்தில், சார்லஸ் மார்ட்டலின் கடிதத்தைக் கையில் வைத்திருப்பவர்மேல் யார் கல்லெறிவார்கள்?

அவர் தைரியசாலி இல்லை என்று சொல்லவில்லை. தைரியத்துக்கு வேறு சான்றுகள் இருக்கின்றன, பிறகு எழுதுகிறேன்.

6 பிப்ரவரி

கிறிஸ்துமஸ் மரக் கதை (ஓக் விழுந்த இடத்தில் ஒரு சிறு ஊசியிலை மரம் முளைத்து நின்றதாம்) வில்லிபால்டிடம் இல்லவே இல்லை. பிற்காலச் சரக்கு. டிசம்பர் மாதம் வாட்ஸ்ஆப்பில் வருவதையெல்லாம் இங்கே ஒட்டாதீர்கள்.

10 பிப்ரவரி

மறைமாவட்டத்துக்கு வருகிறேன். இந்த இழையில் எனக்கு அக்கறை உள்ள பகுதி இதுதான்.

ஓய்வுபெறும் வரை ஓர் ஆயரில்லத்தில் கணக்கு எழுதினேன். நான் வேலையில் இருந்தபோதே எங்கள் மறைமாவட்டம் இரண்டாகப் பிரிந்தது. வெளியே இருந்து பார்த்தவர்களுக்குத் திருப்பலி, ஊர்வலம், புது ஆயருக்கு மாலை. உள்ளே எங்களுக்கு எந்தப் பங்கு எந்தப் பக்கம், எந்தத் தோப்பு யாருக்கு, எந்தப் பள்ளியின் சம்பளக் கணக்கு யார் தலையில் என்பதுதான் வேலை. ஒரு தென்னந்தோப்பு எல்லையில் விழுந்து, இரண்டு பக்கக் குருக்களும் என் மேசைக்கு முன்னால் நின்று சத்தம் போட்ட நாள் இன்னும் நினைவிருக்கிறது. அதனால், யாராவது ஒருவர் மறைமாவட்டத்தை "நிறுவினார்" என்று படித்தால், நிலம் எங்கே, வருமானம் எங்கே என்று என் கண் தானாகத் தேடும். வேலைப் பழக்கம், போகாது.

போனிபாஸ் செய்ததைப் பாருங்கள். 732இல் திருத்தந்தை 3ஆம் கிரகோரி அவருக்குப் பாலியம் (பேராயருக்கு அடையாளமான தோள்பட்டை) அனுப்பினார், பேராயரானார். ஆனால் இன்ன ஊரின் பேராயர் என்று சொல்ல ஊர் கிடையாது. 739இல் பவேரியாவில் ஓடிலோ கோமகனின் ஆதரவோடு சால்ஸ்பூர்க், ஃபிரைசிங், ரேகன்ஸ்பூர்க், பாஸாவ் என்று நான்கு மறைமாவட்டங்களை ஒழுங்குபடுத்தினார். நான்கும் இன்றும் இருக்கின்றன (ஃபிரைசிங் இப்போது மூனிக்கோடு சேர்ந்து உயர்மறைமாவட்டம்). இவற்றில் எதையும் அவர் காட்டிலிருந்து வெட்டி எடுக்கவில்லை. சால்ஸ்பூர்க்கில் ரூபெர்ட், ரேகன்ஸ்பூர்க்கில் எம்மெராம், ஃபிரைசிங்கில் கொர்பீனியன் என்று அவருக்கு முன்பே வந்து உழைத்தவர்கள் இருந்தார்கள். பாஸாவில் விவிலோ என்ற ஆயரே இருந்தார், அதுவும் திருத்தந்தை கையால் திருநிலைப்படுத்தப்பட்டவர். போனிபாஸ் எல்லைக்கோடு போட்டார், ஆள் நியமித்தார், உரோமைக்கு எழுதி ஒப்புதல் வாங்கினார். அவ்வளவுதான். அந்த "அவ்வளவுதான்" 1,285 ஆண்டுகளாக நிற்கிறது.

அடுத்தது நடு ஜெர்மனி. 741இல் சார்லஸ் மார்ட்டல் இறந்ததும் மகன் கார்லோமானின் ஆதரவில் வூர்ட்ஸ்பூர்க், ப்யூராபுர்க், எர்ஃபுர்ட் மூன்றையும் ஒரே மூச்சில் அமைத்தார். மூன்று புது ஆயர்கள். வூர்ட்ஸ்பூர்க்குக்குப் புர்க்கார்ட், ப்யூராபுர்க்குக்கு விட்டா. இன்று வூர்ட்ஸ்பூர்க் மட்டும் தொடர்ச்சியாக இருக்கிறது. மற்ற இரண்டும் ஒரு தலைமுறைக்குள் மைன்ஸ் மறைமாவட்டத்தில் கரைந்துபோயின. எர்ஃபுர்ட் மறுபடியும் மறைமாவட்டம் ஆனது 1994இல்தான், ஜெர்மனி ஒன்றிணைந்த பிறகு. நான் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேனே, அந்தக் குன்றுதான் ப்யூராபுர்க். ஒரு காலத்தில் அது ஓர் ஆயரின் தலைமை இடம்.

ஒன்று நின்றது, இரண்டு விழுந்தன, ஏன்? வூர்ட்ஸ்பூர்க் கோமகன்களின் ஊராக இருந்தது. கில்லியன் என்ற அயர்லாந்துக்காரர் 689 வாக்கில் அங்கே கொல்லப்பட்டதால் வணங்குவதற்கு ஒரு மறைசாட்சியும் இருந்தார். அதற்கு மேல் கார்லோமான் அரச கோவில்களையும், அரச பண்ணைகளின் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கையும் எழுதிவைத்தார். ப்யூராபுர்க்குக்கு என்ன இருந்தது? ஒரு கோட்டையும் அதற்குள் ஒரு கோவிலும். எல்லைப் போர் நகர்ந்துவிட்டால் கோட்டைக்கு வேலை இல்லை, ஆயருக்கும் சோறு இல்லை.

11 பிப்ரவரி

நேற்று எழுதியதோடு சேர்த்துப் படிக்க: இந்த மூன்று இடங்களைப் பற்றித் திருத்தந்தை சக்கரியாவுக்கே சந்தேகம் இருந்தது. 743 ஏப்ரலில் எழுதிய பதிலில் ஒப்புதல் தருகிறார். கூடவே, இந்த ஊர்களின் அளவும் மக்கள்தொகையும் ஆயரை வைப்பதற்குத் தகுமா என்று நன்றாக யோசித்துப் பார் என்கிறார். சிற்றூர்களில் ஆயர்களை வைத்தால் ஆயர் என்ற பெயருக்கே மதிப்புக் குறையும் என்பது பழைய சட்டம். உரோமைப் பேரரசு இருந்த இடங்களில் இந்தச் சட்டம் எளிது, ஆயிரம் நகரங்கள் இருந்தன. ரைன் நதிக்குக் கிழக்கே நகரமே கிடையாது. சட்டம் கேட்கும் நகரத்துக்குப் போனிபாஸ் எங்கே போவார்? கோட்டையை நகரமாகக் கணக்கில் எழுதிவிட்டார். கணக்கர்களுக்கு இது புதிதல்ல.

15 பிப்ரவரி

"ஆயர் அரசனோடு விழுவார் என்றால் இங்கிலாந்தில் எப்படி நின்றது?" என்ற கேள்விக்கு: அங்கேயும் முதலில் விழுந்தார்கள். போனிபாஸ் அந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்த தலைமுறை.

திருத்தந்தை முதலாம் கிரகோரி 601இல் போட்ட திட்டம் காகிதத்தில் மிக அழகு. லண்டனில் ஒரு பேராயர், கீழே 12 ஆயர்கள். யார்க்கில் ஒரு பேராயர், கீழே 12 ஆயர்கள். உரோமையில் உட்கார்ந்து, பேரரசுக் காலத்து நினைவில், பெரிய ஊர்களைப் பார்த்துப் போட்ட திட்டம். கிரகோரி அனுப்பி 597இல் வந்து இறங்கிய அகுஸ்தீனார் லண்டனில் குடியேறவே இல்லை. கிறிஸ்தவ மனைவியைக் கட்டியிருந்த எதெல்பெர்ட் மன்னன் இருந்தது கேன்டர்பரியில், அதனால் பேராயர் இருக்கையும் அங்கேயே அமர்ந்துவிட்டது. இன்றுவரை அங்கேதான்.

லண்டனுக்கு 604இல் மெல்லிட்டுஸ் ஆயரானார். அவரை ஆதரித்த சேபெர்ட் மன்னன் இறந்ததும், திருமுழுக்குப் பெறாத அவனுடைய மகன்கள் கோவிலுக்கு வந்து, எங்கள் அப்பாவுக்குக் கொடுத்தாயே அந்த வெள்ளை அப்பம், எங்களுக்கும் கொடு என்றார்களாம். திருமுழுக்குப் பெற்றால் தருகிறேன் என்றார் ஆயர். தண்ணீர் எங்களுக்கு வேண்டாம், அப்பம் மட்டும் வேண்டும் என்றார்கள். தரவில்லை. நாட்டைவிட்டுத் துரத்திவிட்டார்கள். இங்கிலாந்தின் வரலாற்றை எழுதிய பீடு துறவி எழுதிவைத்த இந்தக் காட்சியை நான் படிக்கும்போதெல்லாம் சிரிப்பேன். திருவிழாவில் பந்திக்கு மட்டும் வரும் உறவினர்கள் எல்லாக் காலத்திலும் உண்டு.

யார்க்கிலும் அதே. 627இல் எட்வின் மன்னனுக்குப் பவுலீனுஸ் திருமுழுக்குக் கொடுத்தார். 633இல் எட்வின் போரில் இறந்தான், பவுலீனுஸ் கப்பல் ஏறித் தெற்கே போய்விட்டார். கிரகோரி திட்டமிட்ட யார்க் பேராயர் உண்மையில் வந்தது 735இல். ஒரு நூற்றாண்டுக்கும் மேல் தாமதம்.

18 பிப்ரவரி

என்னைக் "கணக்குப்பிள்ளை வரலாறு எழுதுகிறார், நம்பிக்கையே இல்லாதவர்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நான் ஞாயிறு தவறாமல் திருப்பலிக்குப் போகிறவன். அது கிடக்கட்டும், போனிபாஸே என் பக்கம்தான். பழைய நண்பரான வின்செஸ்டர் ஆயர் டேனியலுக்கு எழுதிய கடிதத்தில் அவரே மனம்விட்டுச் சொல்கிறார்: ஃபிராங்கிய ஆட்சியாளரின் ஆதரவு இல்லாமல் மக்களை வழிநடத்த முடியவில்லை, குருக்களையும் துறவிகளையும் காப்பாற்ற முடியவில்லை, அவருடைய ஆணையும் அவர்மேல் உள்ள பயமும் இல்லாமல் சிலைவழிபாட்டைத் தடுக்கவும் முடியவில்லை. அரண்மனைக்குப் போகாமலும் இருக்க முடியாது, போனால் அங்கே இருக்கும் கெட்ட ஆயர்களோடு உறவாட வேண்டியிருக்கிறது, மனசாட்சி உறுத்துகிறது என்பதுதான் அந்தக் கடிதத்தின் வேதனை.

அதே கடிதத்தில் ஓர் உதவி கேட்கிறார். இறைவாக்கினர் அறுவரின் நூல்கள் ஒரே கட்டாக, தெளிவான பெரிய எழுத்தில் இருக்கும் பிரதி ஒன்றை அனுப்புங்கள், என் கண் மங்கிவருகிறது, நெருக்கி எழுதிய சிறு எழுத்தைப் படிக்க முடியவில்லை. அனுப்ப வேண்டிய டேனியலோ அப்போது பார்வையே இழந்தவர்.

டேனியல் முன்பு இவருக்கு எழுதிய கடிதமும் இருக்கிறது, பிறசமயத்தாரோடு எப்படி வாதிட வேண்டும் என்று. கத்தாதே, அவமதிக்காதே, கேள்வி கேள். உங்கள் தெய்வங்கள் பிறந்தவையா? பிறந்தவை என்றால், அவை பிறப்பதற்கு முன் உலகத்தை ஆண்டது யார்? இதுவரை நன்றாகப் போகிறது. பிறகு ஒரு வாதம்: திராட்சைமதுவும் ஒலிவ எண்ணெயும் விளையும் நாடெல்லாம் கிறிஸ்தவர்களுக்கு, குளிரில் உறைந்த நாடுதானே உங்கள் தெய்வங்களுக்கு மிச்சம் என்று கேள். இதை இங்கிலாந்தின் மழையில் உட்கார்ந்துகொண்டு எழுதினார் மனிதர்.

19 பிப்ரவரி

ராட்போட் மன்னன் கதையைக் கேட்டவருக்கு. வுல்ஃப்ராம் என்ற ஆயர் அவனைத் திருமுழுக்குத் தொட்டி வரை கொண்டுவந்துவிட்டார். ஒரு கால் தண்ணீரில். என் முன்னோர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டான். திருமுழுக்குப் பெறாததால் நரகத்தில் என்றார் ஆயர். காலை வெளியே எடுத்துவிட்டானாம், சில ஏழைகளோடு விண்ணகத்தில் இருப்பதைவிட என் முன்னோரோடு இருக்கிறேன் என்று. பிற்காலப் புனிதர் வரலாற்றில் வரும் கதை, காலக்கணக்கும் உதைக்கிறது. ஆனால் துறவிகளே எழுதிவைத்த கதை என்பதை யோசியுங்கள். தங்கள் வேலைக்கு எது உண்மையான தடை என்று அவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. மரம் தடையாக இருக்கவில்லை. செத்துப்போன தாத்தா தடையாக இருந்தார்.

25 பிப்ரவரி

கடிதங்களை வரிசையாகப் படித்தால் இன்னொன்று தெரியும். போனிபாஸின் சண்டையில் பாதிக்கு மேல் கிறிஸ்தவர்களோடுதான்.

மிலோ என்றொருவர், டிரியர், ரைம்ஸ் இரண்டையும் ஒரே நேரத்தில் கையில் வைத்திருந்தார். சார்லஸ் மார்ட்டலின் ஆள், அசைக்க முடியவில்லை. மைன்ஸில் கெவிலீப், போரில் தந்தையைக் கொன்றவனைத் தேடிப் பழிதீர்த்த ஆயர். அவரை 745இல் பதவிநீக்கினார்கள், அந்த இடம் கடைசியில் போனிபாஸுக்கே வந்தது. அவருக்கு முதலில் பேசிவைத்தது கொலோன், உள்ளூர் எதிர்ப்பில் நடக்கவில்லை. பிறகு அடெல்பெர்ட் என்ற அலைந்து திரிந்த ஆயர். தன் நகத்தையும் முடியையும் புனிதப்பொருளாக மக்களுக்குக் கொடுத்தார், விண்ணிலிருந்து விழுந்த இயேசுவின் கடிதம் ஒன்றையும் வைத்திருந்தார். 745இல் உரோமையில் ஆயர்களின் சங்கம் கூட்டிக் கண்டிக்க வேண்டியிருந்தது. கூட்டம் யாரிடம் அதிகம் சேர்ந்தது என்று நினைக்கிறீர்கள்? அடெல்பெர்டைத் தண்டித்ததால் தங்கள் புனிதரை இழந்துவிட்டோம் என்று மக்கள் தன்னைத் திட்டுவதாகப் போனிபாஸே எழுதுகிறார்.

முதியவர்கள் சொல்லக் கேட்டு அவர் சக்கரியாவுக்கு எழுதியது: ஃபிராங்கியர் 80 ஆண்டுகளுக்கு மேலாக ஒரு சங்கம்கூடக் கூட்டவில்லை. ஆயர் இருக்கைகள் குருக்கள் அல்லாத பேராசைக்காரப் பொதுநிலையினர் கையில். அதே கடிதத்தில் உரோமையையும் விடவில்லை. ஜனவரி முதல் நாளில் பேதுரு ஆலயத்துக்குப் பக்கத்திலேயே பழைய வழக்கப்படி ஆட்டமும் பாட்டமும் நடப்பதைப் பார்த்துவிட்டு வரும் என் ஆட்கள், உரோமையிலேயே அனுமதி இருக்கிறதே என்று சொல்கிறார்கள், நான் என்ன பதில் சொல்வது என்று கேட்கிறார். திருத்தந்தையிடம் இப்படிக் கேட்பதற்குத்தான் கோடரியைவிட அதிகத் துணிச்சல் வேண்டும்.

பதில்களில் சமையலறை வரை வந்துவிடுகிறார்கள். குதிரை இறைச்சி கூடாது (3ஆம் கிரகோரி). பீவர் (ஆற்றில் அணை கட்டும் விலங்கு), காட்டு முயல், நாரை கூடாது (சக்கரியா, 751). பன்றிக்கொழுப்பை எப்போது தின்னலாம் என்று கேட்டதற்கு, முன்னோர் விதி எதுவும் இல்லை, புகையில் காயவைத்தோ சமைத்தோ தின்பது நல்லது, பச்சையாகத் தின்றே ஆக வேண்டுமென்றால் பாஸ்காவுக்கு (ஈஸ்டருக்கு) பிறகு தின்னுங்கள் என்கிறார். 75 வயதைத் தாண்டிய பேராயர் கேட்கிறார், திருத்தந்தை பொறுமையாகப் பதில் எழுதுகிறார். மறைமாவட்டம் நடத்துவது இதுதான். எங்கள் ஆயரில்லத்துக்கு வந்த கடிதங்களில் பாதி இந்த ரகம்.

2 மார்ச்

சாப்பாடு என்றதும் இன்னொன்று. போனிபாஸின் உதவியாளர்கள் மூவர், அதில் ஒருவர் பின்னாளில் மைன்ஸில் அவருக்கு அடுத்து வந்த லுல், இங்கிலாந்தில் ஒரு மடத்தலைவிக்குச் சிறிய அன்பளிப்பு அனுப்புகிறார்கள்: சாம்பிராணி, மிளகு, இலவங்கப்பட்டை. பீடு 735இல் இறப்பதற்கு முன் தன் பெட்டியைத் திறந்து உடன் துறவிகளுக்குப் பகிர்ந்த சொத்திலும் மிளகு இருந்தது. அந்த மிளகு கேரளத்து மலைச்சரிவில் காய்த்தது. கப்பலிலும் கழுதையிலும் போய், வடகடல் ஓரத்தில் ஒரு துறவியின் பெட்டியில் ஒரு சிட்டிகை.

3 மார்ச்

மிளகைப் பிடித்துக்கொண்டு, "அதே காலத்தில் இந்தியாவில் ஆயர் இல்லையா, ஏன் ஐரோப்பாவையே பேசுகிறீர்கள்?" என்கிறார்கள். நியாயம். சுருக்கமாக.

கீழைத் திருச்சபை, அதாவது பாரசீகத்தை மையமாகக் கொண்ட சிரியமொழித் திருச்சபை, அந்தக் காலத்தில் பரப்பளவில் உரோமையைவிட நீண்டது. 3ஆம் ஈசோயாப் என்ற முதுபெரும் தந்தை (649 முதல் 659 வரை) பாரசீகக் கடலோரத்து ரெவ் அர்தஷீர் பேராயரைத் திட்டிக் கடிதம் எழுதியிருக்கிறார்: உன் பிடிவாதத்தால் இந்தியாவுக்கு ஆயர்களே போகாமல் போய்விட்டார்கள் என்று. முதலாம் திமொத்தேயு (780 முதல் 823 வரை) துருக்கியருக்குப் பேராயரை அனுப்பினார், திபெத்துக்கும் ஒருவரை ஆயத்தம் செய்வதாக எழுதினார். சீனத்துச் சியான் கல்வெட்டு 781. போனிபாஸ் பவேரியாவில் கோடு போட்டுக்கொண்டிருந்த அதே நூற்றாண்டு.

இவர்களுக்குப் பின்னால் கிறிஸ்தவ அரசன் எவனும் இல்லை. முதலில் பாரசீக மன்னர், பிறகு கலீபா. அதனால் என் "அரசன் இல்லாமல் ஆயர் இல்லை" என்ற வாதம் ரைன் நதிக்கரையில் சரி, கொல்லத்தில் அப்படியே செல்லாது. அங்கே வணிகர் இருந்தார்கள். 849ஆம் ஆண்டின் தரிசாப்பள்ளிச் செப்பேடு, வேணாட்டு அய்யன் அடிகள் திருவடிகள் ஒரு கோவிலுக்குக் கொடுத்த உரிமைகளைச் சொல்கிறது. குடிகள், நிலம், வரிவிலக்கு, அளவுகோல், துலாக்கோல் எல்லாம் அதில் இருக்கின்றன. சாட்சிகள் பகலவி என்ற பழைய பாரசீக எழுத்திலும் அரபியிலும் எபிரேய எழுத்திலும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். கோவிலைக் கட்டியவர் சபீர் ஈசோ. அரசன் கிறிஸ்தவன் இல்லை, ஆனால் பட்டயம் அரசனுடையது. அப்படிப் பார்த்தால், நம்பிக்கை எதுவாக இருந்தாலும் கையெழுத்துப் போட ஓர் ஆள் தேவைப்பட்டிருக்கிறார். இதைத் தனி இழையாக யாராவது தொடங்குங்கள், நான் வருகிறேன்.

9 மார்ச்

பிப்ரவரி 5ஆம் தேதி சொன்ன துணிச்சல் பாக்கி இருக்கிறது.

80 வயதை நெருங்கும்போது, மைன்ஸ் பொறுப்பை லுல்லிடம் விட்டுவிட்டு மறுபடியும் ஃபிரீசியாவுக்கே போகிறார், இளவயதில் தோற்றுத் திரும்பிய அதே இடத்துக்கு. புத்தகப் பெட்டியில், என் உடலைச் சுற்ற ஒரு வெள்ளைத் துணியும் வை என்று லுல்லிடம் சொன்னதாக வில்லிபால்ட் எழுதுகிறார். 754 ஜூன் 5, டொக்கும் என்ற இடம். புதிதாகத் திருமுழுக்குப் பெற்றவர்கள் உறுதிபூசுதலுக்கு (ஆயர் எண்ணெய் பூசி அவர்களை உறுதிப்படுத்தும் சடங்கு) வர வேண்டிய காலைநேரம். வந்தவர்கள் கையில் ஆயுதம். தன் ஆட்களைச் சண்டையிட வேண்டாம் என்று தடுத்தார். அவரும் உடன் இருந்தவர்களும் கொல்லப்பட்டார்கள். கொன்றவர்கள் பெட்டிகளில் பொன் இருக்கும் என்று நினைத்து, முதலில் மதுவைக் குடித்துவிட்டுப் பங்குக்காகத் தங்களுக்குள்ளேயே வெட்டிக்கொண்டார்கள். கடைசியில் திறந்தால் உள்ளே புத்தகம். வயலிலும் சதுப்பிலும் வீசிவிட்டுப் போனார்கள்.

அவற்றில் ஒன்று என்று மரபு சொல்லும் சுவடி ஜெர்மனியின் ஃபுல்டா நகரில் இருக்கிறது, ஓரங்களில் ஆழமான வெட்டுகளோடு. அவர் தலைக்கு மேல் பிடித்த நற்செய்தி நூல் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். அது நற்செய்தி நூல் அல்ல, இறையியல் கட்டுரைகளின் தொகுப்பு. வெட்டு மட்டும் உண்மையான வெட்டு.

இங்கே கோட்டை இல்லை, காவல் கடிதம் பலிக்கவில்லை. என் கணக்குப்பிள்ளை விளக்கம் இந்த இடத்தில் வேலை செய்யவில்லை என்று ஒப்புக்கொள்வீர்களா என்று கேட்பதற்கு முன் நானே சொல்கிறேன்: அவர் ஏன் போனார் என்பதற்குக் கணக்கில் விடை கிடையாது. சாகப்போவது தெரிந்தே போயிருக்கிறார். இறந்த உடலுக்கு நடந்ததில் மட்டும் மறுபடியும் கணக்கு வந்துவிடுகிறது. ஃபிரீசியாவின் ஆயர் இருக்கையான உட்ரெக்ட் தன்னிடமே வைத்துக்கொள்ளப் பார்த்தது, மைன்ஸில் லுல் விடவில்லை, கடைசியில் அவர் விரும்பியபடி ஃபுல்டா மடத்துக்குப் போனது. 744இல் அவருடைய சீடர் ஸ்டுர்ம் தொடங்கிய மடம். புனிதர் உடல் வந்த பிறகு அந்த மடத்துக்கு எழுதிவைக்கப்பட்ட நிலங்களின் பட்டியல் நீண்டுகொண்டே போயிற்று.

11 மார்ச்

"ஃபிரீசியப் பயணம் முழுக்க நம்பிக்கை, அதில் நிர்வாகமே இல்லை" என்று ஒருவர் மகிழ்ச்சியோடு முடித்திருக்கிறார். அவ்வளவு தூரம் என்னால் வர முடியாது.

போவதற்குச் சற்று முன்பு, 753இல், புதுத் திருத்தந்தை 2ஆம் ஸ்தேவானுக்கு அவர் எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. கொலோன் ஆயர் உட்ரெக்ட் தனக்குச் சொந்தம் என்கிறாராம். ஆதாரம்: தகோபெர்ட் மன்னன் முற்காலத்தில் உட்ரெக்ட் கோட்டையையும் அதிலிருந்த இடிந்த கோவிலையும் கொலோனுக்குக் கொடுத்தார். போனிபாஸ் பதில் சொல்கிறார்: ஃபிரீசியருக்கு மறையுரையாற்ற வேண்டும் என்ற நிபந்தனையோடுதானே கொடுத்தார், கொலோன்காரர்கள் ஒரு நாளாவது போனார்களா? வில்லிபிரார்ட் போய் உழைத்தார், தரைமட்டமாகக் கிடந்த கோவிலைத் தன் கையால் கட்டி எழுப்பினார், அவரை ஆயராகத் திருநிலைப்படுத்தியது உரோமை, ஆகவே உட்ரெக்ட் உரோமைக்குக் கீழ்ப்பட்ட தனி ஆயர் இருக்கை. பழைய ஆவணங்களைப் பார்த்துப் பதில் எழுதுங்கள் என்றும் கேட்கிறார்.

வெள்ளைத் துணியைப் பெட்டியில் வைக்கச் சொன்னவரும், எல்லைத் தகராறுக்குச் சான்று தேடியவரும் ஒரே கிழவர், ஏறக்குறைய ஒரே காலத்தில். இரண்டில் எது உண்மையான போனிபாஸ் என்று நான் பிரித்துப்பார்க்க மாட்டேன்.

தகராறில் யார் வென்றார்கள் என்று கேட்பீர்கள். கொலோன்தான். உட்ரெக்ட் நூற்றாண்டுக்கணக்கில் கொலோன் பேராயருக்குக் கீழே இருந்து, 1559இல்தான் தனி உயர்மறைமாவட்டம் ஆனது.